பேரும் பேரேடும்

அண்மையில் எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழாவுக்கு வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் நண்டுக் கதை சொன்னார். கதை புதியதன்று. பல நாட்டு நண்டுகளையும் தனித்தனிச் சாடிகளில் இட்டு மூடி வைத்தார்களாம். தமிழ் நண்டுகள் இருந்த சாடிக்கு மட்டும் மூடி வேண்டியிருக்கவில்லையாம். ஒன்று மேலேறினால் மற்றவை அதன் காலைப் பற்றிக் கீழே இழுத்துவிடுமாம். மண்டபம் சிரித்தது. மாணவரும் சிரித்தனர். அவர்களிற் பெரும்பாலோர் புசல்லாவையைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலிருந்து காலைப் பனியில் நடந்து வரும் பிள்ளைகள். தம்மைப் பற்றியும் தம்மைப் பெற்றவர்களைப் பற்றியும் கூறப்பட்ட ஓர் அவதூறுக்கு அப்பிள்ளைகள் கைதட்டியதை மண்டபத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பேச்சாளர் தீயவர் அல்லர். ஒற்றுமையை வலியுறுத்தும் நல்ல நோக்கத்தோடுதான் அவர் அக்கதையைச் சொன்னார். ஆனால் நல்ல நோக்கத்தோடு பரப்பப்படும் பொய்யும் பொய்யே. மேடையில் மட்டுமா இதைக் கேட்கிறோம்? ஆசிரியர் ஓய்வறையிலே கேட்கிறோம். தொழிற்சங்கக் காரியாலயத்து வாசலிலே கேட்கிறோம். கம்பளைக்குப் போகும் பஸ்ஸிலே கேட்கிறோம். "எங்க ஆளுகளுக்கு ஒத்துமை கெடையாது" என்று தோட்டத்தில் பிறந்தவரே சொல்லக் கேட்கிறோம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒருவகை ஆறுதலும் தோன்றுகிறது. குற்றம் இரத்தத்தில் இருக்குமாயின் எவரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா?

நான் மறுப்பது இந்த ஆறுதலையே. மனிதர் ஒருவரோடொருவர் ஒத்துழைப்பதும் ஒத்துழையாமற் போவதும் சாதிக் குணமும் அன்று, இனக் குணமும் அன்று. ஒருவருடைய பேர் எங்கே உண்டாகிறது, அதை எவர் எழுதுகிறார், எழுதப்பட்டவருக்கு மறுமொழி சொல்ல இடமுண்டா என்பவற்றைப் பொறுத்தே ஒத்துழைப்பு வளர்கிறது, அல்லது அழிகிறது. மலையகத்தின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

'பேர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ் வழங்கும் இடமெங்கும் அது பெயரையும் நற்பெயரையும் குறிக்கும். எங்கள் தோட்டங்களில் அதற்கு மூன்றாவது பொருளொன்றும் உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய கூலியே பேர். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்தபின் செக்றோலில் விழுவது பேர். நிர்ணயித்த கிலோவை எட்டாதவளுக்கு விழுவது அரைப் பேர். "இன்னைக்கு எனக்குப் பேர் இல்ல" என்று ஒரு தாய் சொன்னால் அன்றைக்கு அவளுக்குக் கூலியில்லை என்று பொருள். பேரும் சோறும் ஒரே சொல்லில் அடங்கிய உலகம் இது. அந்தப் பேரை எழுதும் கோல் அவள் கையில் ஒருநாளும் இருந்ததில்லை என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்க.

இனி, மனிதன் இயல்பிலேயே தன்னலமி என்றும், அதை டார்வினே நிறுவிவிட்டார் என்றும் வாதிப்போரைச் சந்திப்போம். இவர்கள் டார்வினை வாசித்தவர்கள் அல்லர். மனிதனின் தோற்றத்தைப் பற்றி 1871இல் அவர் வெளியிட்ட நூலில், உடன்வாழ்வோரின் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் சமூகப் பண்புகளை வளர்க்கும் வலிய தூண்டுகோல் என்பதை அவர் விரிவாகவே பேசுகிறார். நம் பாடநூல்கள் கூர்ப்பு என்றும் தமிழகத்தார் பரிணாமம் என்றும் வழங்கும் அக்கொள்கையின் பிற்கால வளர்ச்சி இவ்வெண்ணத்தைக் கணக்காகவே வகுத்துக் காட்டியுள்ளது. 1998இல் மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் முதன்மையானது. அவர்கள் கேட்ட கேள்வி எளியது. நான் உனக்கு உதவுகிறேன். நீ எனக்குத் திருப்பிச் செய்யும் வாய்ப்பே இல்லை. அப்படியிருந்தும் நான் ஏன் உதவ வேண்டும்? விடை இது: மூன்றாமவன் ஒருவன் அதைப் பார்க்கிறான், நாளை எனக்குத் துன்பம் வரும்போது அவன் என் பேரை நினைந்து உதவுகிறான். உதவி வந்த வழியே திரும்புவதில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

இது நிகழ்வதற்கு ஒரு நிபந்தனை உண்டென்பதையும் அவர்கள் காட்டினர். எதிரே நிற்பவரின் பேர் நமக்குத் தெரிந்திருக்கும் வாய்ப்பு, உதவியின் செலவை அதன் பயனால் வகுத்துவரும் எண்ணைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். எனக்கு 1 ரூபா செலவாகும் உதவி உனக்கு 4 ரூபா பயன் தருமாயின், நான்கு சந்திப்புகளில் ஒன்றுக்கு மேலாவது நாம் ஒருவர் பேரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். அறியாத கூட்டத்தில் ஈகை பட்டுப்போகும். அறிந்த கூட்டத்தில் தழைக்கும். 2002இல் மிலின்ஸ்கியும் அவருடைய தோழரும் நடத்திய சோதனை இதை மேலும் வலியுறுத்தியது. பொது நிதிக்குப் பணம் போடுமாறு சிலரைக் கேட்டால், வழக்கமாகச் சில சுற்றுகளில் அந்நிதி வற்றிப்போகும். பொது நிதிக்குக் கொடுத்தவர் எவர், கொடாதவர் எவர் என்பது பிறகு நடைபெறும் தனிப்பட்ட உதவிகளிலும் கணக்கில் எடுக்கப்படும் என்றவுடன், அதே மனிதர் பொது நிதியை வற்றவிடாமற் காத்தனர். மனிதர் மாறவில்லை, அவர்களுடைய பேர் நின்ற இடமே மாறியது.

இதை நாம் வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் மட்டுந்தான் காணவேண்டும் என்றில்லை. வள்ளுவர் ஒப்புரவறிதல், ஈகை, புகழ் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து நிறுத்தி இல்லறவியலை முடிக்கிறார். அவற்றுக்கு முன்னரே புறங்கூறாமையை வைத்துவிடுகிறார். கொடையும் பேரும் ஒரு கொடியில் பூப்பவை என்பதும், கோள் அக்கொடியின் வேரை அரிப்பது என்பதும் அந்த வரிசையிலேயே தெரியவில்லையா?

நூலையும் விடுவோம், லயத்துக்கு வாருங்கள். நான் அறிந்த ஒரு லயத்தில் 20 பெண்கள் சேர்ந்து சீட்டுப் பிடிக்கின்றனர். மாதம் ஒருவர்க்கு 2,000 ரூபா. ஒவ்வொரு மாதமும் ஒருத்தி 40,000 ரூபாவை எடுத்துச் செல்வாள். முதல் மாதத்திலேயே எடுத்தவள் இன்னும் 19 மாதங்கள் பணம் கட்டவேண்டும். அவளிடம் கையொப்பம் வாங்குவாரில்லை. பிணை கேட்பாரில்லை. வழக்குப் போட வழியுமில்லை. நண்டுக் கதை உண்மையாயின் இச்சீட்டு இரண்டாம் மாதத்திலேயே சிதறியிருக்க வேண்டும். ஆண்டுக் கணக்காக நடக்கிறது. ஒருத்தியின் கணவன் நோயுற்றுப் படுத்த காலத்தில் அவளுடைய முறை வருமுன்னரே மற்றவர்கள் அவளுக்குச் சீட்டை விட்டுக்கொடுத்தனர். அவள் அதற்கு முந்திய ஆண்டுகளில் பிறருக்கு விட்டுக்கொடுத்தவள் என்பதை அங்கே எல்லோரும் அறிவர். எழுதப்படாத பேரேடு அது. ஆனால் அதில் ஒரு வரியும் தவறுவதில்லை.

சாவு வீட்டைப் பாருங்கள். ஒருவர் கண்மூடினால் விறகு கொண்டு வருபவர் எவர், குழி வெட்டுபவர் எவர், நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் சேதி சொல்லப் போகிறவர் எவர் என்று அங்கே கூட்டங்கூட்டித் தீர்மானிப்பதில்லை. கலியாண வீட்டில் மொய் எழுதும் கொப்பியைப் பாருங்கள். எழுதப்படிக்கத் தெரியாத கிழவிகூட, இருபது ஆண்டுக்கு முன் எவர் எவ்வளவு செய்தார் என்பதை ஒப்புவிப்பாள். சுருங்கிய அறையில், மெல்லிய சுவருக்கு இருபுறமும் வாழும் மக்களுக்கு ஒருவரையொருவர் அறியாதிருக்க வழியேது? நோவாக்கும் சிக்மண்டும் கேட்கும் நிபந்தனையை இவ்வளவு நிறைவாக நிறைவேற்றும் குடியிருப்பு உலகில் அரிதாகவே இருக்கும்.

அவ்வாறாயின், தோட்டத்திலே பிளவும் காட்டிக்கொடுப்பும் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, மறுப்பது நேர்மையாகாது. சீட்டில் ஒன்றாய் நிற்பவர்கள் பெரட்டுக்களத்தில் ஏன் பிரிந்து நிற்கின்றனர் என்பதே உண்மையான கேள்வி. அதற்கு விடை தேடுவோர் நண்டை ஆராய வேண்டா. சாடியைச் செய்தவர் எவர் என்று ஆராய்தல் வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்குவோம். 1841இல் வேர்ம்ஸ் சகோதரர் புசல்லாவையில் ரொத்சைல்ட் கோப்பித் தோட்டத்தை நிறுவினர். அடுத்தடுத்து மலைகள் வெட்டி வெளியாக்கப்பட்டன. தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த மக்கள் இம்மலைகளில் இறக்கப்பட்டனர். 1854இல் துரைமார் கண்டியிலே தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். ஒருவரையொருவர் நன்கறிந்த, ஒருவர் சொல்லை ஒருவர் மதித்த, கூலியையும் சட்டத்தையும் பற்றிக் கூடிப் பேசிய சங்கம் அது. தோட்டத் தொழிலாளர்க்கெனக் கோ. நடேசய்யர் சம்மேளனம் கண்டதோ 1931இல். இடைப்பட்டவை 77 ஆண்டுகள். அந்த 77 ஆண்டுகளிலும் தொழிலாளிக்கு ஒற்றுமை வராமற் போனது அவன் குணத்தாலா?

துண்டு முறையை நினைத்துப் பாருங்கள். இன்றைய மாணவர்க்கு அச்சொல்லே தெரியாது. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பினால், அவன் பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதைக் கட்டுவோர்க்கு அவனை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அக்கடனைக் கட்டி அவனை எடுத்துக்கொள்ளும். கடன் அவனோடு கூடவே நடந்து வரும். கைமாறும்போது பெருகவும் செய்யும். கணக்கை வைத்தவர் கங்காணி. அக்கணக்கைத் தொழிலாளி வாசித்ததில்லை, வாசிக்கவும் அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் காட்டுவாரில்லை. சொல்லாமற் போய்விட்டாலோ 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அவனைச் சிறைக்கு அனுப்பும். அவன் நல்ல உழைப்பாளியா, அயலானுக்கு உதவுபவனா, சொன்ன சொல் காப்பவனா என்பது எதுவும் அத்துண்டில் இல்லை. அவனுடைய பேர் அவனுடைய கடன், அவ்வளவே.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். அயலவரிடம் நல்ல பேர் எடுப்பதால் அவனுக்கு அரை வயிற்றுக் கஞ்சியும் கூடுதலாகக் கிட்டாது. கங்காணியிடம் நல்ல பேர் எடுத்தால் கடன் சற்றுத் தளரும், நல்ல மலை கிடைக்கும், பிள்ளைக்கும் பேர் பதிவார்கள். கங்காணியிடம் நல்ல பேர் எடுக்கும் வழியோ பல வேளைகளில் அயலவனைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதே. ஆக, பேர் என்னும் தூண்டுகோல் அங்கேயும் வேலை செய்தது; அதன் முனை மட்டும் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்திலிருப்பவனை நோக்கிய கண்ணை மேலே இருப்பவனை நோக்கித் திருப்பிவிட்டு, 'இவர்களுக்கு ஒற்றுமை கிடையாது' என்று எழுதிவைத்தனர். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குப் பொருத்தமான உண்மையொன்றைச் சொல்கிறது. ஒருவரைப் பற்றிய தகவல் எல்லோர்க்கும் பொதுவாக இல்லாமல், ஆளுக்கொரு விதமாகவும் பிழையோடும் இருக்குமாயின், மிகச் சிறந்த நெறிகளும் ஒத்துழைப்பைக் காக்க இயலாமல் நொறுங்கிவிடுகின்றன. துரையின் மேசைக்குள் பூட்டப்பட்ட பேரேட்டை விடத் தனிப்பட்ட தகவல் வேறேது?

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் பேரை மேலிருந்து எழுதும் வழக்கம் அதனோடு ஒழியவில்லை. வேலையிலிருந்து நீக்குவதற்குப் பத்துச்சீட்டு இருந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே எம் மக்களின் பேர் வாக்காளர் இடாப்பிலிருந்து மறைந்தது. 1964இல் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கூறுபோட்டது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. சீட்டுப் பிடித்தவள் இங்கே, கட்டவேண்டியவள் நீலகிரியில். ஒருவருடைய பேரை மதிப்பதற்கு அவர் நாளையும் நம்மோடு இருப்பார் என்ற நம்பிக்கை வேண்டும். எவர் எந்தக் கப்பலில் ஏறுவார் என்று தெரியாமல் ஒரு தலைமுறை பெட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தது. அத்தனைக்குப் பிறகும் லயத்திலே சீட்டு நடக்கிறது, குழி வெட்ட ஆள் வருகிறது என்றால், வியக்க வேண்டியது பிளவைக் கண்டா, ஒற்றுமையைக் கண்டா?

மேலும், பேரை எழுதும் கோல் மக்கள் கைக்கு வந்த வேளைகளில் நடந்தது என்ன? ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் வேலைநிறுத்தம் நடந்தது. பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். கூலி உயர்வு வந்தால் நின்றவனுக்கும் வரும், நில்லாதவனுக்கும் வரும். தன்னலக் கணக்குப் பார்ப்பவன் ஒதுங்கி நின்று பயனை மட்டும் அறுவடை செய்யலாம். ஆயினும் மலைமலையாக மக்கள் நின்றனர். வேலைக்கு இறங்கியவனுக்குக் கருங்காலி என்ற பேரும், நின்று இறந்தவனுக்கு அழியாத பேரும் கொடுத்தவர் துரை அல்லர், லயத்து மக்கள். முல்லோயா கோவிந்தனை எண்பது ஆண்டு கடந்தும் மலையகம் மறக்கவில்லை. பெரியவர்களுக்குச் சங்கப் பாணர் புகழ் பாடினர். தொழிலாளிக்குத் தொழிலாளரே பாடினர்.

இன்றைய நிலைக்கு வருவோம். துண்டு போய்விட்டது, அதன் பேரப்பிள்ளை வந்திருக்கிறது. நுண்கடன் என்பது அதன் பெயர். பெண்கள் குழுவாகச் சேர வேண்டும். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் பொறுப்பு. இந்த எண்ணம் எங்கிருந்து எடுக்கப்பட்டது? நம் சீட்டிலிருந்தே. ஏழைப் பெண்கள் தம் பேரைக் காப்பாற்றப் பட்டினி கிடந்தும் கட்டுவர் என்பதைக் கம்பனிகள் கண்டுகொண்டன. ஆனால் சீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகும். சீட்டிலே வட்டி வெளியே போவதில்லை, நோய் என்றால் தவணை தள்ளப்படும், காரணம் கேட்கப்படும். நுண்கடனிலோ வசூலிப்பவர் வாசலில் வந்து நிற்பார். கட்டாதவளின் வீட்டுக்கு அவளுடைய தோழியரையே அழைத்துச் செல்வார். அயலார் பார்க்கட்டும் என்றே உரக்கப் பேசுவார். மக்கள் தமக்குள் வளர்த்த நம்பிக்கையை ஈடாகப் பிடித்து, அவர்கள் நாணத்தைக் கொண்டே வட்டி அறவிடும் தொழில் இது. 2021இல் ஹிங்குராக்கொடையில் சிங்களக் கிராமத்துப் பெண்கள் இக்கடனுக்கெதிராகத் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தனர். எங்கள் லயங்களில் சத்தியாக்கிரகம் இல்லை. நேற்றுவரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் இன்று ஒருவர் முகத்தை ஒருவர் பாராமற் போவதை மட்டும் காண்கிறேன். இதையும் நண்டின் குணம் என்பார்கள்.

எதிர்த்தரப்பு இன்னொரு கேள்வி கேட்கக்கூடும். அது வலிய கேள்வி. 'லயத்து மக்கள் எழுதும் பேரெல்லாம் நீதியானதா? சாதிப் பேர் சொல்லி ஒதுக்கியவர்களும் அவர்கள்தாமே?' என்பார்கள். உண்மை. கங்காணி மேலிருந்து கொணர்ந்த சாதியை லயத்துக்குள் நாமும் சுமந்தோம்; இன்னும் முழுதாக இறக்கி வைக்கவில்லை. என் வகுப்பிலே கெட்டிக்காரியாயிருந்த ஒரு மாணவி, பஸ் தரிப்பில் ஒரு பையனோடு பேசினாள் என்ற ஒரே காரணத்துக்காகப் படிப்பை நிறுத்தப்பட்டாள். 'பேர் கெட்டுவிடும்' என்று அவள் தாய் என்னிடம் அழுதாள். பேசியதை நேரிற் கண்டவர் ஒருவருமில்லை. கேட்டவர்கள் மட்டும் ஊர் நிறைய இருந்தனர். 2007இல் நடத்தப்பட்ட ஒரு சோதனையும் இதையே காட்டியது: ஒருவர் செய்ததன் நேரடிப் பதிவு கண்முன்னே இருக்கும்போதும், அவரைப் பற்றிப் பிறர் சொல்லும் வம்பு மனிதரின் முடிவைச் சாய்த்துவிடுகிறது. ஆகவே கீழிருந்து எழுதப்படும் பேர் என்பதனாலேயே அது நீதியாகிவிடாது.

எனின், நீதியான பேர் எது? மூன்று சோதனைகள் வைக்கலாம். ஒன்று, அது செயலின் மேல் எழுதப்பட வேண்டும், பிறப்பின் மேலன்று. சாதி இச்சோதனையில் தோற்கிறது. ஏனெனில், ஒருவன் எதையும் செய்யுமுன்னரே அவனுக்குப் பேர் வைத்துவிடுகிறது. இரண்டு, எழுதப்பட்டவர்க்கு மறுமொழி சொல்ல இடம் வேண்டும். உதவ மறுத்தவன் எல்லாம் கெட்டவன் அல்லன். ஏமாற்றுக்காரனுக்கு மறுத்தவனும் இயலாமையால் மறுத்தவனும் உண்டு. 1986இலேயே சக்டன் என்னும் பொருளியலாளர் இவ்வேறுபாட்டின் அவசியத்தைச் சுட்டினார். காரணம் கேளாமல் எழுதும் பேர் நல்லவனையும் கெட்டவன் ஆக்கிவிடும். வேலைநிறுத்த நாளில் பிள்ளைக்கு மருந்து வாங்கக் காசின்றி மலைக்குப் போனவளைக் கருங்காலி என்று தூற்றியதுண்டு. அது எம் இயக்கத்தின் வெற்றியன்று, பிழை. கோளும் இச்சோதனையில் தோற்கிறது. மூன்று, பேர் எழுதுபவரின் பேரையும் எவராவது எழுத வேண்டும். துண்டும் செக்றோலும் நுண்கடன் கொப்பியும் இங்கே தோற்கின்றன. தராசைப் பிடிப்பவர் கொழுந்துக்காரியை மதிப்பிடுகிறார். தராசை மதிப்பிடுபவர் எவர்?

பிறரை நோக்கி விரல் நீட்டிய நான் என்னையும் இச்சோதனைக்கு நிறுத்தக் கடமைப்பட்டவன். ஆசிரியனான புதிதில், வகுப்பு முடித்து வெளியேறும் மாணவர்க்கான விடுகைப் பத்திரங்களை ஆயத்தம் செய்யும் பொறுப்பு எனக்கிருந்தது. நடத்தை என்றொரு நிரல் அதில் உண்டு. ஒரு மாணவனைப் பற்றி ஓய்வறையிற் கேட்டதை நம்பி, 'மிக நன்று' என்று எழுத வேண்டிய இடத்தில் 'திருப்தி' என்று எழுதினேன். அவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டேனில்லை. கண்டியில் ஒரு கடையிலே அவனுக்கு வேலை தருவதாயிருந்தவர் அந்தச் சொல்லைக் கண்டு தயங்கிக் கைவிட்டாராம். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவன் தந்தை என்னைச் சந்தையிற் கண்டு, கோபமின்றிச் சொன்னார்: "நீங்க எழுதுனது சரியாத்தான் இருக்கும் சேர். ஆனா என்ன செஞ்சான்னு எங்களுக்கும் சொல்லியிருக்கலாம்." அவன் செய்ததாக நான் கேட்ட செயலை வேறொருவன் செய்தான் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. துண்டு எழுதிய துரைக்கும் எனக்கும் அந்த நிமிடத்தில் என்ன வேறுபாடு? எனது பேனாவும் மேலிருந்தே எழுதியது. இத்தொழிலில் இருக்கும் என் தோழர்கள் தத்தம் பேனாவை ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே ஒற்றுமையைப் பற்றிய உபதேசம் போதும். செய்ய வேண்டியவை வேறு. கொழுந்து நிறுக்கும்போது தராசின் முள்ளையோ இலக்கத்தையோ கொழுந்துக்காரி பார்க்க வேண்டும். அன்றைய நிறையும் கழிவும் எழுதிய துண்டு அன்றே அவள் கைக்கு வர வேண்டும். சங்கத்திலே சந்தாக் கணக்கும் தலைவரின் செலவும் ஆண்டுக்கொரு முறையாவது லயத்து வாசலில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். கடன் கொடுக்கும் கம்பனி, ஒருத்தியின் கடனை மற்றொருத்தியின் முகத்தில் அறைந்து கேட்பதைச் சட்டம் குற்றமாக்க வேண்டும். பாடசாலையில் ஒரு மாணவனைப் பற்றி அவனுக்கு வாசித்துக் காட்டாத, அவன் மறுமொழியைக் கேளாத ஒரு சொல்லும் அவன் பத்திரத்தில் ஏறக்கூடாது. இவை பெரிய புரட்சிகள் அல்ல. ஆனால் பேரேட்டைப் பூட்டிய பெட்டியிலிருந்து வெளியே எடுத்துப் பலர் முன் விரிக்கும் வேலை இவற்றிலேதான் தொடங்குகிறது. அது நடந்தபின்னும் மக்கள் ஒருவர் காலை ஒருவர் இழுப்பாராயின், அப்போது வந்து நண்டுக் கதை சொல்லுங்கள், கேட்கிறேன்.

பரிசளிப்பு விழாவுக்கு அடுத்த வாரம் என் வகுப்பில் பாடத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, மாணவரிடம் ஒன்று கேட்டேன். உங்கள் லயத்தில் சீட்டுப் பிடிப்பவர் எவர்? ஒருவர் கட்டாவிட்டால் என்ன செய்வீர்கள்? வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது. எவர் வீட்டில் எவர் கட்டினார், எவருக்கு எத்தனை மாதம் பொறுத்தார்கள், செத்த வீட்டில் எவர் விறகு தந்தார் என்று 14 வயதுப் பிள்ளைகள் ஊரின் பேரேட்டையே ஒப்புவித்தனர். மணி அடித்தும் நிற்கவில்லை. கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்து கேட்டான்: "அப்ப அந்த நண்டுக் கதை பொய்யா சேர்?"

பொய்தான் என்றேன். நண்டு தானாகச் சாடிக்குள் போவதில்லை என்பதையும் சொன்னேன்.